நயினார் ஏறாத கார்

கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் 'ஃபியூஸ்' நயினார் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கார்களுக்கு ஃபியூஸ் மாற்றுகிறவர் என்பதால் வந்த பெயர் அல்ல அது. தொட்டால் எரிந்து போகிறவர் என்பதால் வந்தது. முப்பத்தாறு வருடமாக ஒரு தகரக் கூரைக்குக் கீழே கார் வயரிங் வேலை. படித்தது அஞ்சாம் வகுப்பு. கம்பெனிக்காரன் இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுக்கிற வயரிங் படத்தை அவருக்கு வாசிக்க வராது. வயரின் நிறத்தைப் பார்ப்பார், மீட்டரை வைப்பார், குறை எங்கே என்று சொல்லிவிடுவார். போன ஓணத்துக்கு முந்தின நாள் ஒரு வக்கீலின் காரை, வயர்கள் வெளியே தொங்கத் தொங்க, அப்படியே தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். "கொஞ்சம் வேகம் ஆகட்டே" என்று வக்கீல் மூன்றாவது தடவை சொன்னதுதான் குற்றம்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் மூன்று வாரமாக வேறு ஆளாகத் திரிந்தார். மகள் ரேஷ்மிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. சாயாக்கடையில் நிற்கிறவன், பெட்ரோல் போடுகிறவன், பேட்டரி கொண்டு வருகிறவன், யார் எதிர்ப்பட்டாலும் "மூணு கிலோ இருநூறு" என்பார். என்ன மூணு கிலோ என்று அவர்கள் விழித்தால் அதற்கும் கோபம் வரும். அந்த வக்கீலே திரும்பி வந்தபோது அவரை உட்கார வைத்து, "கைவிரலைப் பாக்கணும் சாரே, ஸ்பீக்கர் வயரைவிடச் சன்னம். ஆனா பிடிச்சா விடாது" என்று கால் மணி நேரம் பேசினார். வக்கீல் வேகம் ஆகட்டே என்று சொல்லவில்லை.

இருபத்தைந்தாம் நாள் எல்லாம் கெட்டது.

மருமகன் கிரீஷ் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவன். போன வருடம் வாங்கின வெள்ளைக் கார் அவனுடையது. குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு அதில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் கிரீஷ் பக்கத்தில் நயினார். பின்னால் ரேஷ்மி மடியில் குழந்தை, அவளை ஒட்டி நயினாரின் மனைவி சரஸ்வதியம்மாள். நாலு கிலோ ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை முதலில் சாயாக்கடையில் சொல்வதா, பெட்ரோல் பங்கில் சொல்வதா என்று நயினார் யோசித்துக்கொண்டிருந்தார். ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

திடீரென்று அதன் சத்தம் ஏறத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. கிரீஷ் குமிழைத் திருகிக் குறைத்தான். குறைந்தது, மறுபடி தானாக ஏறியது. செட்டையே அணைத்தான். அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்தது. போன் வந்தால் அணைந்த செட்டும் விழித்துக்கொள்ளும்படி கம்பெனிக்காரன் செய்து வைத்திருக்கிறான். "மக்கா, எங்க வந்தாச்சு?" என்று கிரீஷின் அப்பா கேட்டது, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கர் மாதிரி காருக்குள் இடித்தது.

குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது, இரண்டு கையும் விரிந்தது. பிறகு அழுத அழுகையில் மூச்சு நின்று, உதடு நீலமாகிவிட்டது. சரஸ்வதியம்மாள் முதுகில் தட்டினாள். ரேஷ்மியும் சேர்ந்து அழுதாள். நயினார் செட்டின் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அதற்கும் சத்தம் குறையவில்லை. கிரீஷ் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, கதவைத் திறந்த பிறகுதான் நின்றது. குழந்தைக்கு மூச்சு திரும்பினது அதற்கும் அப்புறம். நாலு கிலோ விஷயத்தை நயினார் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கிரீஷ் காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனான்.

"நீங்க போகாண்டாம்" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"நான் ஒண்ணும் பேசல. சும்மா நிக்கேன்" என்று சொல்லிவிட்டு நயினாரும் போனார்.

அங்கே கழுத்தில் டை கட்டின ஓர் இளைஞன், கையில் பலகை போன்ற ஒரு கம்ப்யூட்டரைத் தடவிக்கொண்டே மலையாளத்தில் சொன்னான். ஸ்டியரிங்குக்கு உள்ளே சுருண்டு கிடக்கிற ஸ்பைரல் கேபிள் போய்விட்டது. மாற்ற வேண்டும். பார்ட் வர இரண்டு வாரம் ஆகும். வாரண்டி கிடையாது.

"அதென்ன வாரண்டி இல்லாதது?" என்றான் கிரீஷ்.

"டாஷ்போர்டில புறத்துப் பணி கண்டு சாரே. ஏதோ லோக்கல் வயரிங். அது கொண்டு வந்த கம்ப்ளெயின்ட் ஆணு."

அந்த லோக்கல் வயரிங் நயினாருடையது. டாஷ்போர்டில் கிரீஷ் வைத்திருந்த சின்னப் பிள்ளையாருக்கு ஒரு மிளகு அளவு விளக்கு. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் வயர் இழுத்து, ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்.

"லோக்கலா?" என்றார் நயினார். "தம்பி, அந்த லைட்டுக்குத் தனி ஃபியூஸ் போட்டிருக்கேன். செட்டுக்கும் அதுக்கும் ஒரு பந்தமும் கிடையாது. அது கிடக்கட்டும். ஹார்ன் அடிக்கா இல்லியா?"

"ஹார்ன் ஓக்கே."

"ஏர்பேக் லைட்டு எரியுகா?"

"இல்ல."

"ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்டு போறது அந்த ஒரே கேபிள் வழியாத்தானே? கேபிள் போனா அதுகள்லா முதல்ல சாகும்? உனக்கு ஆருடே பணி படிச்சுத் தந்தா?"

இளைஞன் கிரீஷைப் பார்த்துச் சிரித்தான். "சாரே, ரோட்டுப் பக்கத்து மெக்கானிக் பறயுன்னது கேட்டு நமக்குப் பணி செய்ய ஒக்குமோ?"

நயினார் மேஜையில் தட்டின தட்டில் பேனா நிற்கும் டப்பா கவிழ்ந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எழுதிக்கோடே! உன் பலகைல எழுதிக்கோ! என் கை பட்டு இந்தக் குத்தம் வந்ததுன்னா இனி இந்த நயினார் இந்த வண்டில ஏறமாட்டான். எம் பேத்தி போற வண்டி இது. சத்தியமாக்கும்!"

"மாமா, வாங்க. ப்ளீஸ்" என்று கிரீஷ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வரும் வழியெல்லாம் அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், நயினாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொள்வதுமாக இருந்தான்.

சாயங்காலம் கிரீஷின் அப்பா பத்மகுமார் போன் செய்தார். கணக்கு ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், வீடு வலியசாலையில். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் மெதுவாகப் பேசப் பேச நயினாருக்குக் கோபம் கூடும்.

"சம்பந்தி, தப்பா எடுக்காண்டாம். இருபத்தெட்டுக்குப் பிள்ளைய இங்க கொண்டுவர நான் வேற வண்டி சொல்லியிருக்கேன். கிரீஷ் வண்டில வெளி வயரிங் உண்டுன்னு கம்பெனில சொன்னாங்களாமே. பச்சப் பிள்ளைலா, அதான்."

இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் நூல் கட்டுகிற நாள். குழந்தை முதல் தடவையாக அப்பாவின் வீட்டுக்குப் போகிறது. அந்த முதல் பயணத்துக்கு நயினார் கைவைத்த வண்டி ஆகாது என்று மெதுவான குரலில் சொல்லியாகிவிட்டது. நயினார் "சரி" என்றுகூடச் சொல்லாமல் போனைக் கட்டிலில் எறிந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"அந்தப் பாட்டுப் பெட்டிக்க ஃபியூஸைப் புடுங்கி வச்சா சத்தம் வராதுல்லா?" என்று கேட்டாள் சரஸ்வதியம்மாள். முப்பது வருடம் ஃபியூஸோடு குடும்பம் நடத்தினவள். "பத்து நிமிஷ ஓட்டம்தானே."

"புடுங்கலாம். சத்தம் நிக்கும். எம் பேரு?" என்றார் நயினார். "அவன் சொன்ன லோக்கல் வயரிங் அங்கேயேல்லா நிக்கும்."

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் கிடந்த காரின் முன் மீட்டரும் பையுமாகப் போய் நின்றார். கிரீஷ் பின்னாலேயே வந்தான்.

"மாமா, ஸ்டியரிங்கத் திறக்காண்டாம். ஏர்பேக் இருக்கு. பின்ன வாரண்டி..."

"அதுதான் ஏற்கெனவே இல்லன்னு சொல்லியாச்சே! சாவியத் தாங்க மாப்ளே."

முதலில் பிள்ளையார் விளக்கின் வயரை ஃபியூஸோடு கழற்றி எடுத்து கிரீஷின் உள்ளங்கையில் வைத்தார். செட்டைப் போட்டார். சத்தம் ஏறியது. "பாத்தீங்களா? லோக்கல் வயரிங் உங்க கைல இருக்கு. பின்ன ஆரு கூட்டுகா?" ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார், வலப்பக்கம் முழுக்கத் திருப்பினார். சத்தம் எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை. "கேபிள்ல ஒடிசல் இருந்தா திருப்பும்போது விட்டு விட்டுல்லா வரும்? அந்த டைகாரனைக் கூப்பிட்டுக் காட்டணும் இத. பலகையத் தடவத் தெரியும். ஹார்ன் அடிச்சுப் பாக்கத் தெரியாது. சவம்."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மிச்சமிருக்கும் கரண்டு வடியும்வரை ஏர்பேக்கைத் தொடக்கூடாது. அவசரமில்லாமல் அவர் நிற்கிற ஒரே இடம் அதுதான். அந்தப் பத்து நிமிஷமும் வாய் மட்டும் நிற்கவில்லை. டைகாரன், அவனுக்கு டை கட்டிவிட்டவன், கணக்கு ஆபீஸ், வேறு வண்டி, எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஏர்பேக்கை அலுங்காமல் எடுத்துப் பின்சீட்டில் மல்லாக்க வைத்தார். ஸ்டியரிங்கின் வலப்பக்கத்துப் பொத்தான்களைத் தட்டோடு கழற்றினார். கூட்டுகிற பொத்தான், குறைக்கிற பொத்தான், பாட்டு மாற்றுகிற பொத்தான், போன் எடுக்கிற பொத்தான். நாலுக்கும் சேர்த்து ஒரே வயர். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு நம்பர். அமுக்கினால் அந்த நம்பர் வயரில் போகும், அதை வைத்துத்தான் செட் புரிந்துகொள்ளும். ஒன்றும் அமுக்காவிட்டால் மீட்டரில் ஒன்றும் வரக்கூடாது.

நயினார் ஒன்றையும் அமுக்காமல் மீட்டரை வைத்தார். நம்பர் வந்து நின்றது.

கூட்டுகிற பொத்தானை அமுக்கினார். நம்பர் அசையவில்லை. விட்டார். அதே நம்பர்.

"மாப்ளே, இங்க வாங்க. நல்லாப் பாருங்க. ஆரும் தொடல. ஆனா கூட்டுற பொத்தான் அமுங்கியே கெடக்கு. ராப்பகலா 'கூட்டு, கூட்டு'ன்னு சொல்லிட்டே இருக்கு. செட்டு பாவம், சொன்னதக் கேக்குகு. வயரிங்குக்கு ஒரு கொழப்பமும் இல்ல! கேபிளுக்கும் இல்ல! போய் உங்க அப்பாகிட்டச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க!"

கிரீஷ் மீட்டரைப் பார்த்தான், பொத்தானைப் பார்த்தான். ஏனோ அவன் முகம் மலரவில்லை. "விளிக்கேன் மாமா" என்று போனோடு உள்ளே போனான்.

நயினார் தகப்பன்சாமி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பொத்தானின் மூடியை நெம்பினார். அடியில் மஞ்சளாய் ஏதோ கட்டியாக இறுகி, பொத்தான் மேலே எழும்பாதபடி பக்கவாட்டில் ஆப்பு வைத்தது போல் பிடித்திருந்தது. முன்பு சர்வீஸுக்கு விட்டபோது சென்டரில் எவனோ பிஸ்கட் தின்றிருக்கிறான், தின்ற கையோடு வண்டியில் ஏறியிருக்கிறான். நயினாருக்கு ரத்தம் மறுபடி தலைக்கு ஏறியது. கட்டியைப் பெயர்த்து, டைகாரனுக்குக் காட்ட ஒரு காகிதத்தில் மடிக்கப்போனார். அப்போதுதான் வாசனை வந்தது.

சந்தனம்.

ஆயுத பூஜை அன்று இதே வாசலில் இதே கார் நின்றது. ரேஷ்மிக்கு நிறைமாதம். கோயிலில் இருந்து இலையில் வாங்கி வந்த களபம், கெட்டியான குளிர்ந்த சந்தனம், நயினார் கையில். பானெட்டில் வைத்தார், நாலு டயரிலும் வைத்தார், பிறகு உள்ளே குனிந்தார். "மாமா, ஸ்டியரிங்ல வேண்டாம், அங்க சுவிட்ச் உண்டு" என்று கிரீஷ் சொன்னான். "சும்மா இரிங்க மாப்ளே! வண்டியத் திருப்புற எடத்துக்குல்லா முதல்ல வைக்கணும்" என்று ஒரு அதட்டு போட்டு, வரப்போகிற பேரப்பிள்ளைக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தி, ஒன்றுக்கு மூன்றாக வைத்தார். நடுவில் குங்குமமும் வைத்தார். துடைக்கக் கூடாது, அதுவாய் உதிரட்டும் என்றும் சொல்லி வைத்தார்.

டைகாரன் இல்லை, கணக்கு ஆபீஸ் இல்லை. யாரைப் பிடித்துத் திட்டுவது? கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தெருவில் வீசி எறிந்தார். அது எதிர்வீட்டு மதிலில் பட்டு விழுந்தது. போய் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக எரிந்தது எல்லாம் இப்போது திரும்பி அவர் நெஞ்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. குழந்தையின் நீல உதடு கண்ணில் வந்தது.

காகிதத்தை வாய்க்காலில் போட்டுவிட்டால் தீர்ந்தது. பொத்தானைத் துடைத்து மாட்டிவிட்டால், 'பொத்தான் பழுது, கம்பெனிக் குத்தம்' என்று சொன்னால், மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. காகிதத்தை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையில் வைத்தார்.

"ரேஷ்மி! பிள்ளைக்க காது தொடைக்க பஞ்சுக் குச்சி வாங்கினேல்லா, அத எடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"கத்தாதீங்கப்பா, இப்பத்தான் கண்ணசந்தா!"

பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் முக்கி, பொத்தானின் ஓரமெல்லாம் துடைத்தார். எட்டுக் குச்சி மஞ்சளாயிற்று. ஒன்பதாவது வெள்ளையாகவே வந்தது. பொத்தான் டக்கென்று எழும்பி நின்றது. மீட்டரில் ஒன்றும் இல்லை. அமுக்கினார், நம்பர் வந்தது. விட்டார், போனது. எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரியைக் கொடுத்து, செட்டைப் போட்டார். ரேடியோ வைத்த இடத்தில் நின்று மெதுவாகப் பாடியது.

கிரீஷ் போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே வந்தான். "அப்பா, சரியாயிட்டு போல. ரேடியோ மெதுவாத்தான் பாடுது. மாமாவே சரி செய்தாரு, வயரிங்ல ஒண்ணும் இல்லியாம்..."

நயினார் போனைப் பிடுங்கினார்.

"சம்பந்தி! வயரிங்குக்கு ஒரு கொழப்பமும் இல்ல. ஆனா குத்தம் என் மேலதான். ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனம் பொத்தானுக்குள்ள போய் இறுகிக் கெடக்கு. உங்க மகன் அன்னைக்கே வேண்டாம்னு சொன்னாரு. நான் கேக்கல. பச்சப் பிள்ளைக்கு மூச்சு நின்னது என்னாலதான். போதுமா?"

மறுமுனையில் பத்மகுமார் மெதுவாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எதுக்குச் சிரிக்கீங்க?" என்று கத்தினார் நயினார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"இல்ல சம்பந்தி, நான் போன வருஷம் புது மிக்சிக்கு வச்சேன். அதுவும் ஓடல. இன்னும் வீட்ல ஆர்கிட்டயும் சொல்லல" என்றார் பத்மகுமார். "அந்த வேற வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன். நாளைக்கு இதிலயே வரட்டும். நீங்க முன்சீட்ல இருந்து கொண்டு வாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது கிரீஷ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"மாமா, எனக்குச் சம்சயம் உண்டாயிருந்து. டாக்டர்கிட்டப் போறதுக்கு முந்தின நாள், பிள்ளை வர்ற வண்டின்னு நனைஞ்ச துணி வச்சுச் சந்தனத்தைத் துடைச்சேன். அது கரைஞ்சு அப்பத்தான் உள்ள எறங்கியிருக்கும்."

"பின்ன சர்வீஸ் சென்டர்ல ஏன் வாய தொறக்கல? எம் பேரை லோக்கல்னு சொல்லும்போது நின்னு கேட்டுட்டு இருந்தீங்களே!"

"சொல்ல வந்தேன் மாமா. நீங்க மேஜையில தட்டினீங்க." கிரீஷ் நிமிர்ந்து பார்த்தான். "துடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கல்லா? பயமாயிருந்து."

மகளைக் கல்யாணம் கட்டிக் கொடுத்த பிறகு மருமகன் இவ்வளவு நீளமாக நயினாரிடம் பேசியது அன்றைக்குத்தான். அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கால் கழுவிவிட்டு, முந்தின ராத்திரிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இருபத்தெட்டாம் நாள் காலை, குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு எல்லாரும் காரில் ஏறினார்கள். முன்சீட்டுக் கதவு நயினாருக்காகத் திறந்து கிடந்தது. அவர் தெருவில் நின்றார்.

"ஏறுங்க, நேரமாகுகு" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"நான் ஏறமாட்டேன்."

"அப்பா, கிறுக்கா உங்களுக்கு?" என்றாள் ரேஷ்மி.

"அத்தன பேருக்கு முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். என் கை பட்டு வந்த குத்தம்னா ஏறமாட்டேன்னு. என் கைதானே? நீங்க போங்க. நான் பஸ்ல வாறேன்."

"மாமா, அவங்களுக்கு ஆரு போய்ச் சொல்லப் போறா?"

"எனக்குத் தெரியும்லா!" என்று ஒரு கத்து கத்தினார். உடனே காருக்குள் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவா ஓட்டுங்க மாப்ளே. பள்ளம் பாத்துப் போங்க."

கிழக்கேகோட்டை போகிற சிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். கூட்டம், வியர்வை, அவர் காலை எவனோ மிதித்தான், அவனுக்குக் கிடைத்தது. கிள்ளிப்பாலம் சிக்னலில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். பக்கத்திலேயே வெள்ளைக் கார். கண்ணாடிக்கு உள்ளே சரஸ்வதியம்மாள் மடியில் ஒரு சின்ன முகம், வாய் லேசாய்த் திறந்து, உறக்கத்தில். காருக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பச்சை விழுந்தது. முன்னால் ஓர் ஆட்டோ நகரவில்லை. பஸ் டிரைவர் ஹார்னில் கையை வைத்து எடுக்காமல் அமுக்கினான்.

"டேய், கைய எடுடே அந்த ஹார்ன்லேருந்து!" என்று நயினார் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பியது. "பிள்ளை உறங்குகு தெரியலியா?"

டிரைவர் கண்ணாடியில் பின்னால் தேடினான். "ஏது பிள்ளை? எவிடெ?" ஆட்கள் சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள்.

"பஸ்லயில்ல! அந்தா, அந்த வெள்ளைக் கார்ல!" நயினார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "நாலு கிலோவாக்கும்!"